ஓய்வும் இயக்கமும்: முதுகுவலிச் சிகிச்சை வரலாற்றில் ஒரு நோக்கு

முதுகுவலி கண்டவர் படுக்கையிற் கிடத்தல் வேண்டும் என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்றே பலரும் எண்ணுவர். ஆயின், ஓய்வை ஒரு மருத்துவக் கோட்பாடாக உயர்த்தியது பத்தொன்பதாம் நூற்றாண்டேயாகும். 1863ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த, இலண்டன் சத்திரசிகிச்சையாளர் ஜோன் ஹில்ற்றனின் விரிவுரைகள், நோயுற்ற உறுப்பு ஆறுவதற்கு ஓய்வே தலையாய துணையென வாதிட்டன. அவருக்குப் பின் அக்கோட்பாட்டைச் செயலிற் காட்டியவர் லிவர்ப்பூல் நகரின் ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891). முறிவு நெரிவு வைத்தியப் பரம்பரையில் வந்த இவர், நோயுற்ற மூட்டு இடையறாது, நெடுங்காலம் அசைவின்றி இருத்தல் வேண்டுமென வலியுறுத்தினார். அதற்கெனச் சிம்புகளையும் ஆக்கினார். அவர் கண்ட நோயாளரிற் பலர் மூட்டுக்களிற் காசநோய் உற்றவர்கள். அந்நோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. எனவே தோமஸைக் குறைகூறுவது முறையன்று. காசநோயுற்ற மூட்டுக்கு ஏற்ற விதியைச் சாதாரண முதுகுவலிக்கும் பின்வந்தோர் விரித்ததே தவறு என்பது எமது கருத்து.

இதற்கு மாறான மரபொன்றும் உடனிருந்தது. 1813இல் பேர் ஹென்றிக் லிங் ஸ்ரொக்கோமில் நிறுவிய உடற்பயிற்சி நிறுவனம் அசைவையே மருந்தாகக் கற்பித்தது. பிரான்சிலே லூக்காஸ் சம்பியோனியேர், முறிந்த என்புக்குங்கூட உருவுதலும் மிதமான அசைவும் நன்மை தரும் என்றார். எனினும் இவ்வறிவைக் கையிற் கொண்டிருந்தோர் அதிகாரம் அற்றவர்களாயிருந்தனர். 1894இல் இலண்டனில் நான்கு பெண்கள் கூடி, உடல் பிடித்துவிடும் தொழிலுக்கு ஒரு சங்கம் அமைத்தனர். அத்தொழிலின் பெயரால் நடந்த இழிசெயல்கள் அவ்வாண்டிலேயே மருத்துவ இதழொன்றில் அம்பலமாகியிருந்தன. எனவே நற்பெயரைக் காக்க அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று, மருத்துவரின் பணிப்பின்றி எவருக்கும் சிகிச்சை அளித்தலாகாது என்பதாகும். 1920இல் அரச பட்டயம் பெற்று, பின்னர் பிரித்தானிய இயன்மருத்துவர் சங்கமாக வளர்ந்த அமைப்பு இதுவே. அவ்விதி மதிப்பைத் தந்தது; அதேவேளை, படுக்கை ஓய்வைப் பணித்த மருத்துவரை மறுத்துரைக்கும் உரிமையைப் பறித்தும் விட்டது. 1970களின் பிற்பகுதியிலேதான் அக்கட்டு அங்கு தளர்ந்தது.

இதனிடையே 1934இல் மிக்ஸ்ற்றர், பார் என்போர், முள்ளந்தண்டு என்புகளிடையேயுள்ள வட்டத்தட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்தலாம் எனக் காட்டினர். உண்மையான கண்டுபிடிப்பே. ஆனால் அதன் பயனாக முதுகுவலி யாவும் உடைந்த பொறியின் கோளாறுபோல் நோக்கப்பட்டது. படுக்கைக்கும் புதியதொரு நியாயம் கிடைத்தது. 1947இலேயே ரிச்சட் ஆஷர் எனும் இலண்டன் மருத்துவர், படுக்கையால் விளையும் கேடுகளை உறுப்புறுப்பாக எடுத்துரைத்திருந்தார். வாசித்தோர் பலர், முதுகுவலிச் சிகிச்சையோ மாறவில்லை.

மாற்றம் வலி பற்றிய சிந்தனையிலிருந்தே வந்தது. 1965இல் மெல்சாக், வோல் இருவரும் முண்ணாணில் வலிச்செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ‘வாயில்’ உண்டென்றனர். வலி, காயத்தின் நேரடி அளவுகோல் அன்று என்றாயிற்று. சியாற்றிலில் வில்பேட் ஃபோடைஸ் என்னும் உளவியலாளர் இதனினும் துணிந்த ஒரு வழியை மேற்கொண்டார். ‘வலிக்கும்வரை செய்க’ என்றால், நோயாளி வலியை எதிர்பார்த்தே அசைவார், வலித்ததும் நிறுத்துவார், நிறுத்தியதற்கு ஓய்வே பரிசாகும். ஆதலால் பயிற்சியின் அளவை முன்கூட்டியே வகுத்தார். வலி கூடினும் குறையினும் அன்றைய அளவு அன்றைக்கே. முதலளவு நோயாளியால் எளிதில் இயலுவது. பின்னர் படிப்படியாக உயரும். ஓய்வு, வலிக்கன்றி முடித்த வேலைக்கு உரியதாயிற்று. இம்முறையைத் தழுவி, எட்டு வாரமாயினும் முதுகுவலியால் வேலைக்குச் செல்லாதிருந்த 103 தொழிலாளரைக் கொண்டு சுவீடனின் கொதன்பேக் நகரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. 1992இல் வெளியான அதன் முடிவின்படி, இயன்மருத்துவரின் வழிகாட்டலில் படிப்படியாகப் பயின்றோர் மற்றையோரினும் விரைவில் வேலைக்குத் திரும்பினர். அன்றாடங் காய்ச்சிகளுக்கு இது சிறு செய்தியன்று.

படுக்கைக்கு எதிரான நேரடிச் சான்று 1986இல் வந்தது. ரெக்சாஸ் மாநிலத்தில் 203 நோயாளரை ரிச்சட் டேயோ குழுவினர் ஆராய்ந்தனர். இரு நாள் ஓய்வு பணிக்கப்பட்டோர், ஏழு நாள் பணிக்கப்பட்டோரைவிட 45 சதவீதம் குறைவான வேலைநாட்களையே இழந்தனர், ஏனையவற்றில் வேறுபாடில்லை. 1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் நிகழ்ந்த ஆய்வோ இயன்மருத்துவர்க்கும் ஒரு பாடம் வைத்திருந்தது. புதிதாக வந்த வலிக்கு, படுத்தோரை மட்டுமன்றி முதுகுப் பயிற்சி செய்தோரையும் விஞ்சித் தேறியவர்கள், இயன்றவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தோரே.

நாட்பட்ட வலியின் நிலை வேறு. அதற்கு முறையான பயிற்சியும் நோய்பற்றிய விளக்கமும் வேண்டும் என 2023 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வழமையான சிகிச்சையில் தவிர்க்குமாறு அது கூறியவற்றுள் இழுவைச் சிகிச்சையும் இடுப்புப் பட்டியும் அடங்கும். தோலினூடாக நரம்பைத் தூண்டும் மின்கருவியும் அடங்கும். முன்னைய இரண்டும் ஓய்வுக் கோட்பாட்டின் வழிவந்தவை. பின்னையதோ, 1965ஆம் ஆண்டின் ‘வாயில்’ கோட்பாடு ஈன்ற பிள்ளை.