ஹாரன் அடிச்சேனே, சார்!

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் சாலையில் இருக்கிறது திருமுருகன்பூண்டி. ஒரு பக்கம் சிற்பக்கூடங்களின் உளிச்சத்தம், இன்னொரு பக்கம் பனியன் துணி ஏற்றிப்போகும் வேன்களின் இரைச்சல். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரர், இங்கேதான் வேடர்களிடம் வழிப்பறி கொடுத்தார் என்கிறது தலபுராணம். அவர் திருடர்களைத் துரத்தவில்லை. நேரே கோயிலுக்குப் போய் சிவபெருமானிடமே சண்டைக்கு நின்றார். பறிபோனது அத்தனையும் திரும்பி வந்தது!

வழியில் போகிறவனுக்கு ஒன்று நேர்ந்தால் யார் பொறுப்பு? அதே சாலையில், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியை ஒரு வேன் தட்டிவிட்டால் இந்தக் கேள்வி மறுபடி எழும். டிரைவர் சொல்லும் முதல் பதில் நமக்கே தெரியும்: ''ஹாரன் அடிச்சேனே, சார்... அவன்தான் உள்ளே வந்துட்டான்!''

இந்தப் பதிலுக்கு வயது ஏறக்குறைய 2000 வருடம் என்றால் நம்புவீர்களா?

மனுஸ்மிருதியின் 8-ம் அத்தியாயத்தில் வண்டி விபத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. வண்டிக்காரனுக்குத் தண்டனை கிடையாது என்று 10 சந்தர்ப்பங்களை அது அடுக்குகிறது. மூக்கணாங்கயிறு அறுந்தால், நுகத்தடி முறிந்தால், அச்சு உடைந்தால்... கடைசியாக, 'விலகு, விலகு' என்று உரக்கக் கத்தியிருந்தால்! அதாவது, ஹாரன் அடித்திருந்தால் தப்பில்லை. அதேசமயம், ஓட்டத் தெரியாதவனிடம் வண்டியைக் கொடுத்த முதலாளிக்கு 200 பணம் அபராதம். ஏறி உட்கார்ந்து போனவர்களுக்கும் தலைக்கு 100!

நம் ஊரில் இன்னொரு மனு இருந்தார். திருவாரூர் மனுநீதிச் சோழன். இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் கன்று தானாகத் துள்ளி வந்து விழுந்தது என்றுதான் பெரியபுராணம் சொல்கிறது. 'பரிகாரம் செய்தால் போதும்' என்றார்கள் மந்திரிகள். சோழன் ஏற்கவில்லை. தண்டனை கொடூரம்தான், ஆனால், அவர் பார்த்த பார்வையைக் கவனியுங்கள். முதல் மனு கேட்டது, 'யார் மேல் தப்பு?' இரண்டாவது மனு கேட்டது, 'யாருடைய சக்கரம்?'

மோட்டார் வந்ததும் உலகம் முழுக்க இந்த இரண்டு கேள்விகளும் மோதிக்கொண்டன. 1896 மே 30. நியூயார்க்கில் ஹென்றி வெல்ஸ் ஓட்டிவந்த டுரியா கார், சைக்கிளில் வந்த ஈவ்லின் தாமஸ் என்ற பெண் மீது மோதியது. அவருக்குக் கால் முறிந்தது. வெல்ஸுக்கு அன்றிரவு சிறைவாசம்.

இங்கே? விளக்கில்லாமல் போனால், டபுள்ஸ் போனால் டயரில் காற்றைப் பிடுங்கிவிடும் போலீஸைப் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். சைக்கிள்காரன் என்றாலே குற்றவாளி! அவனுக்கு ஆறுதலாக வந்தது, 1939 மோட்டார் வாகனச் சட்டம். அடிபடும் மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் 1946 ஜூலை 1 முதல் கட்டாயமானது. ஆனால் டிரைவரின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் பணம் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செத்தவன் எப்படி சாட்சிக்கூண்டில் ஏறுவான்?

1980-ல் தமிழ்நாட்டு பஸ் விபத்து வழக்கு ஒன்று நீதிபதி கிருஷ்ணய்யரிடம் வந்தது. இங்கொரு சந்தேகம், அங்கொரு தெளிவின்மை என்று காட்டி ஓட்டியவரும் உரிமையாளரும் நழுவிவிடக்கூடாது என்று கண்டித்தார் அவர். 1982-ல் சட்டமே திருந்தியது. யார் மேல் தப்பு என்று பார்க்காமல் உயிருக்கு 15,000 ரூபாய். 1988 சட்டத்தில் அது 25,000, 1994-ல் 50,000. 2022 ஏப்ரல் முதல், 164-ம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். கேஸில் டிரைவரின் தப்பை நிரூபிக்கவே வேண்டாம்!

அதற்கு மேல் கேட்டால் 166-ம் பிரிவு. அங்கே பழைய மனு காத்திருக்கிறார். 'சைக்கிளில் விளக்கில்லை, குறுக்கே வந்தான்' என்ற வாதம் எடுபட்டால், அந்த அளவுக்குத் தொகை குறையும். மும்பையில் பஸ் மோதி இறந்த ஒரு சைக்கிள் பையனின் வழக்கில், 2003-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் ஒரு பங்கைக் கழித்தது. நெதர்லாந்தில் நிலைமை வேறு. 14 வயதுக்குட்பட்ட குழந்தை சைக்கிளில் வந்து அடிபட்டால், வேண்டுமென்றே விழுந்தாலொழிய முழு நஷ்டஈடும் மோட்டார்காரர் தலையில்தான்.

''உங்க ஆள் மேலதான் தப்பு... கேஸ் போட்டா ஒண்ணும் நிக்காது. காரியச் செலவுக்கு இதை வெச்சுக்குங்க'' என்று யாராவது சாவு வீட்டுத் திண்ணையில் பணத்தை நீட்டினால், வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் குடும்பம் ஒரு வக்கீலிடம் கேட்கட்டும்: ''164-னு ஒண்ணு இருக்காமே?''