இரும முகவரியைப் பதின்மமாக்கல்

இணையத்தில் இணைந்துள்ள கணினியின் ஐபி முகவரி, உள்ளபடி பார்த்தால், 32 பிட் நீளமுள்ள ஒரே எண்தான். நாம் படிப்பதற்காக அதை எட்டெட்டு பிட்டுகளாக நான்கு கூறிட்டு, ஒவ்வொரு கூறையும் 0 முதல் 255 வரையிலான பதின்ம எண்ணாக்கி, நடுவே புள்ளி வைத்து எழுதுகிறோம். 1981இல் வரையறுக்கப்பட்ட ஐபி நான்காம் பதிப்புக்குரிய முறை இது.

இத்தகைய இரும எண்களோடு இந்தியாவில் கொல்கத்தாவுக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. இந்தியாவின் முதல் எண்முறைக் கணினியான எச்இசி-2எம், புள்ளியியலாளர் மகலனோபிஸ் அங்கே நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. எந்திர மொழியிலேயே நிரல் எழுத வேண்டிய காலம் அது. அந்தக் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1966இல் ஐஎஸ்ஐஜேயு என்ற கணினியை உருவாக்கின. பிறகு 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்தபோது, முதலில் இணைப்புப் பெற்ற நகரங்களில் கொல்கத்தாவும் இருந்தது. அந்நிறுவனத்தின் முகவரிகளில் பல 202.54 என்று தொடங்கின.

அவற்றில் ஒன்றான 202.54.1.30 என்பதையே எடுத்துக்கொள்வோம். இரும வடிவில் அதன் முதல் கூறு 11001010. இதைப் பதின்மமாக்கும் நிரல் இடமிருந்து ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கிறது. கையிலுள்ள தொகையை இரட்டித்து, வந்த இலக்கத்தைக் கூட்டுகிறது. 1, 3, 6, 12, 25, 50, 101, 202 என எட்டே படிகளில் விடை கிடைத்துவிடும். இரண்டின் அடுக்குகளை நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதே இந்த வழியின் அழகு. பைத்தானில் இந்த வேலைக்கு ஒரு வரி போதும்.

முகவரி எழுத்துச்சரமாக இல்லாமல் முழு எண்ணாகவே வந்தால் கவனம் தேவை. மேற்கண்ட முகவரியின் மதிப்பு 3,392,536,862. குறியுள்ள 32 பிட் மாறியில் இது கொள்ளாது. ஜாவாவின் இன்ட் வகையில் -902,430,434 என்று காட்டும். பிட்டுகள் மாறவில்லை, வாசிப்புதான் மாறியது. ஆகவே வலப்புறம் 24, 16, 8, 0 இடங்கள் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் 255உடன் 'அண்ட்' செய்து கடைசி எட்டு பிட்டுகளை மட்டும் எடுக்க வேண்டும்.

பைட் வரிசை இன்னொரு கண்ணி. வலையமைப்பில் உயர் இடமதிப்புள்ள பைட் முன்னே வரும். இன்டெல் செயலி தாழ் இடமதிப்புள்ளதை முன்னே வைக்கும். வரிசையைத் திருப்ப மறந்த நிரல் 30.1.54.202 என்று அச்சிடும். பார்வைக்கு அதுவும் செல்லுபடியாகும் முகவரியே என்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது.

அழகுக்காக முன்னே சுழியம் சேர்ப்பதும் ஆபத்து. 202.054.1.30 என்று எழுதினால், பழைய சி நிரலகச் செயற்கூறுகள் 054ஐ எட்டடிமான எண்ணாகக் கொண்டு 44 ஆக்கிவிடும். பைத்தானின் முகவரி நிரலகம் 3.9.5 பதிப்பிலிருந்து இத்தகைய சுழியங்களை ஏற்பதில்லை.