ரீகால்: திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளும் செகண்ட் ஹேண்ட் ஓனர்களும்

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஃபோர்டு இந்தியா நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை சென்னை ஆலையில், அதாவது மறைமலை நகரில், தயாரான பழைய எண்டெவர் எஸ்யூவிகள் 22,690-ஐ முன்பக்க ஏர்பேக் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அது.

அந்தப் பட்டியலில் இருந்த மிகப் பழைய வண்டிக்கு அப்போது வயது பதினைந்து. பதினைந்து வருடத்தில் ஒரு எண்டெவர் எத்தனை கை மாறியிருக்கும்? 2004-இல் ஷோரூமில் வாங்கியவர் கொடுத்த விலாசத்துக்குக் கடிதம் போனால், இப்போது அதை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு விஷயம் எப்படித் தெரியும்?

சின்னக் கேள்விதான். ஆனால் இந்தியாவில் ரீகால் என்ற ஏற்பாடு வளர்ந்த கதை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

ரிப்பேர் வேறு, ரீகால் வேறு

கிளட்ச் தேய்வது, ஏ.சி. மக்கர் செய்வது, டாஷ்போர்டு கடகடவென்று சத்தம் போடுவது எல்லாம் ஓனருக்கும் மெக்கானிக்குக்கும் உள்ள விவகாரம். ரீகால் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஒரே பாகம் ஒரே மாதிரி குறையோடு பொருத்தப்பட்டிருக்கிறது, அதனால் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தால் கம்பெனியே அவற்றைத் திரும்ப அழைத்துத் தன் செலவில் சரிசெய்து கொடுக்கிறது. எந்தெந்த வண்டி என்பது சேஸிஸ் எண்ணை வைத்து முடிவாகிறது.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. குறை சேஸிஸ் எண்ணோடு போகிறது. வண்டி எத்தனை பேரிடம் விற்கப்பட்டாலும் அது கூடவே போகும். ஆனால் தகவல் பெயரோடும் விலாசத்தோடும் போகிறது. வண்டி கை மாறிய அன்றே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் தொடக்கம்

கார் விபத்து என்றால் ஓட்டுநரின் தவறு என்றே உலகம் நெடுநாள் நினைத்திருந்தது. 1965-இல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வக்கீல், கார்களின் வடிவமைப்பிலேயே ஆபத்து இருக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே, 1966-இல், அமெரிக்க நாடாளுமன்றம் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. குறை இருந்தால் ஓனர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை கம்பெனிகள் மேல் விழுந்தது.

எஸ்யூவிகளின் வரலாற்றில் பெரிய திருப்பம் 2000-ஆம் ஆண்டு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை ஓடும்போதே பிய்ந்து, உயரமான அந்த வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் 271 மரணங்கள் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. இதில் கொடுமை என்னவென்றால், 1999-லேயே சவூதி அரேபியா உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் ஃபோர்டு இதே டயர்களை மாற்றிக் கொடுத்திருந்தது! அங்கே தெரிந்த குறை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதனால் அதே ஆண்டு வந்த புதிய சட்டம், வெளிநாட்டில் செய்யும் ரீகால்களையும் ஓனர்களிடமிருந்து வரும் புகார்களையும் அரசிடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஓனர்களின் புகாரைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்பது அந்தச் சட்டம் கற்ற பாடம்.

நெல்வயலும் ஏரியும் கார் ஊரான கதை

ஏறக்குறைய இதே காலத்தில்தான் சென்னைக்கு மேற்கேயும் தெற்கேயும் கார் ஆலைகள் எழுந்தன. 1995-இல் மஹிந்திராவோடு சேர்ந்து ஃபோர்டு வந்து மறைமலை நகரைத் தேர்ந்தெடுத்தது. 1996-இல் ஹூண்டாய் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டி 1998-இல் சான்ட்ரோவை வெளியிட்டது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலை திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையின் இரு பக்கமும் பாகம் செய்யும் கம்பெனிகள் நிறைந்தன.

பிறகு எஸ்யூவி காலம். 2012 ஜூலையில் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர், 2013 ஜூனில் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், 2015 ஜூலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா. நடுத்தரக் குடும்பம் எட்டிப்பிடிக்கக்கூடிய எஸ்யூவி என்ற வகையே இந்த மூன்றால்தான் இந்தியாவில் வேரூன்றியது என்று சொல்லலாம். இன்று கார் கன்சல்டிங் கடைகளில் வரிசையாக நிற்கும் பழைய எஸ்யூவிகளில் இவை தவறாமல் இருக்கும்.

2012: கம்பெனியின் மனசு வைத்து

அந்த நாட்களில் இந்தியாவில் ரீகாலுக்குச் சட்டம் கிடையாது. சர்வீஸுக்கு வரும் வண்டியில் சத்தமில்லாமல் பாகத்தை மாற்றி அனுப்புவதுதான் பரவலான வழக்கம். ஓனருக்கு எதை மாற்றினார்கள் என்பதே தெரியாது. சர்வீஸ் சென்டர் பக்கமே போகாமல் தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டுபவருக்கு அதுவும் கிடைக்காது.

2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம், 'தானாக முன்வந்து திரும்ப அழைத்தல்' என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. அதே மாதம் ஃபோர்டு 1,28,655 ஃபிகோ, கிளாசிக் கார்களை அழைத்தது. பின் சஸ்பென்ஷனின் குறுக்குத்தண்டிலும் பவர் ஸ்டியரிங் ஹோஸிலும் சந்தேகம். 2013 செப்டம்பரில் எண்ணிக்கை 1,66,021 ஆனது. அதே 2013-இல் நிசான், ஒரகடத்தில் தயாரான மைக்ரா, சன்னி கார்கள் 22,188-ஐ பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்காக அழைத்தது. 2016-இல் ரெனோ க்விட் கார்கள் 50,000-க்கும் மேல் பெட்ரோல் ஹோஸில் ஒரு கிளிப் பொருத்துவதற்காக அழைக்கப்பட்டன.

ஈக்கோஸ்போர்ட்டின் கதை தனி. வெளிவந்த ஆண்டிலேயே 972 டீசல் வண்டிகள். 2014-இல் ஏர்பேக் உள்ளிட்ட காரணங்களுக்காக 20,752. 2015-இல் பின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளுக்காக 16,444. 2016-இல் டீசல் குழாய்களையும் பிரேக் குழாய்களையும் சோதிக்க ஏறத்தாழ 48,000. நான்கு வருடத்தில் நான்கு அழைப்பு!

இதைப் பார்த்து "ஈக்கோஸ்போர்ட் மட்டமான வண்டி" என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அடிக்கடி ரீகால் செய்யும் கம்பெனி குறையை மறைக்காத கம்பெனியாகவும் இருக்கலாம். ஒரு ரீகாலும் செய்யாத கம்பெனியின் வண்டியில் குறையே இல்லை என்று அர்த்தமும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. சரிசெய்தார்களா என்பதுதான் ஓனருக்கு முக்கியம்.

ஏர்பேக்: காப்பாற்றும் பொருளே கொல்லுமா?

எண்டெவர் அழைக்கப்பட்ட 2019, உலகம் முழுவதும் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலம். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் ஏர்பேக்கை ஊத அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வருடக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் அந்த வேதிப்பொருள் கெட்டுப்போகிறது. விபத்து நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து உலோகக் கூட்டையே உடைத்துத் துண்டுகளை முகத்தை நோக்கி வீசுகிறது. அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் அங்கே ரீகாலுக்குள் வந்தன. டகாட்டா 2017-இல் திவாலானது.

அமெரிக்க அதிகாரிகள் வெப்பமும் ஈரப்பதமும் அதிகமுள்ள மாநிலங்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். காரணம் சென்னையில் வசிப்பவருக்கு விளக்கவே தேவையில்லை. வண்டி பழசாகப் பழசாக ஆபத்து கூடும் குறை இது. வண்டி பழசாகப் பழசாகத்தான் அது முதல் ஓனரை விட்டு விலகிப் போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஒரு கிரெட்டா ஓனரின் வழக்கு

ஏர்பேக் வெடிப்பது ஒரு பக்கம் என்றால் விரியாமலே போவது இன்னொரு பக்கம். 2015 ஆகஸ்டில் கிரெட்டா வாங்கிய ஒருவர், 2017 நவம்பர் 16 அன்று டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கினார். ஏர்பேக் விரியவில்லை. தலை, மார்பு, பற்களில் காயம். அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மோதலின் வேகமும் திசையும் போதுமானதாக இருந்தால்தான் ஏர்பேக் விரியும் என்பது கம்பெனி தரப்பு வாதம்.

டெல்லி மாநில ஆணையம் 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் மாற்று வண்டியும் தரச் சொன்னது. தேசிய ஆணையமும் அதை ஏற்றது. 2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஹூண்டாயின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கார் வாங்குபவர் மோதலின் விசையைக் கணக்குப் போடும் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். முன்பக்கம் மோதினால் ஏர்பேக் காப்பாற்றும் என்று நம்பித்தானே ஒருவர் பணம் கொடுக்கிறார்!

விபத்து நடந்து நாலரை வருடம் கழித்துத்தான் இந்த வெற்றி. வழக்கு ஒருவருக்கு நீதி தரும். அதே குறை மற்ற வண்டிகளில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வழக்கு போதாது. அதற்குச் சட்டம் வேண்டும்.

சட்டம் வந்தது, ஏழு வருடத்தோடு நின்றது

2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம். கம்பெனி முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது இணையான வண்டி தர வேண்டும், அல்லது சரிசெய்து தர வேண்டும். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டு விற்பனைக்கு ஏற்ற அளவு புகார்கள் சேர்ந்தால் அரசு விசாரிக்கும். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஓனரின் புகாருக்கு முதன்முறையாகச் சட்டத்தில் ஓர் எண் மதிப்பு கிடைத்தது.

ஆனால் விதி ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். எண்டெவர் பட்டியலை இந்த அளவுகோலில் வைத்தால், 2012 ஜூலைக்கு முன் தயாரானவை எல்லாம் வெளியே போய்விடும். கம்பெனி தானாகச் செய்த ரீகால், பின்னால் வந்த கட்டாய விதியை விட நீளமாகக் கை நீட்டியிருக்கிறது! பழைய வண்டி வாங்குபவர்தான் பெரும்பாலும் ஏழு வருடம் தாண்டிய வண்டியை வாங்குகிறார் என்பதையும் மறக்கக்கூடாது.

கம்பெனியே இந்தியாவை விட்டுப் போனால்? 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி ஈக்கோஸ்போர்ட் மறைமலை நகரிலிருந்து வெளியே வந்தது. ஸ்பேர், சர்வீஸ் தொடரும் என்று நிறுவனம் உறுதி கொடுத்தது. ஆனாலும் பழைய ஃபோர்டு வாங்குபவர், பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டிய நிலை வந்தது.

பென்சிலில் தேய்த்து எடுக்கும் எண்

அமெரிக்காவில் 2014 முதல் எந்த வண்டியின் எண்ணையும் அரசு இணையதளத்தில் போட்டு, முடிக்காத ரீகால் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். 2016 முதல் பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள் ரீகால் முடிக்காத வண்டியை வாடகைக்கு விடக்கூடாது. அங்கேயும் செகண்ட் ஹேண்ட் வியாபாரிகளுக்கு அப்படி ஒரு தேசியத் தடை இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே பழைய வண்டி வாங்குபவர் என்னென்ன பார்க்கிறார்? கிலோமீட்டர், டயர், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பாக்கி, ஆர்.சி. புத்தகம். பிறகு படிவம் 29, 30 போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம். அதற்காக சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். கம்பெனியின் ரீகால் பட்டியலில் இருப்பதும் அதே எண்தான். ஆனால் அந்தப் படிவங்களில் ரீகால் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. ஒரே எண் அரசிடமும் இருக்கிறது, கம்பெனியிடமும் இருக்கிறது. நடுவில் வண்டியை ஓட்டுபவருக்கு மட்டும் சொல்ல ஆள் இல்லை.

பெயர் மாற்றமே செய்யாமல் பழைய ஓனர் பெயரிலேயே ஓடும் வண்டிகளின் கதி இன்னும் மோசம். யாருக்கு எழுதுவது என்பதே அங்கே தெரியாது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் தங்கள் கைக்கு வரும் வண்டியைப் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்திருப்பது இதில் ஒரு நல்ல ஆரம்பம்.

அது வரை வேலை வாங்குபவருடையதுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, "இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பாக்கி இருந்தால் ஸ்டியரிங் நடுவில் இருப்பது எப்படிப்பட்ட ஏர்பேக் என்று தெரிந்துகொள்ள அது ஓர் எளிய வழி.