சைகோன் தெருக்கள்

எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் வியட்நாம் என்று சொல்ல மாட்டார்கள். சைகோன்தான். சைகோன்காரர், சைகோன் பணத்தில் கட்டிய வீடு என்றே பேச்சு. விருதுநகர், சிவகாசி நண்பர்களுக்கு ரங்கூனும் பினாங்கும் கொழும்பும் தெரிந்த அளவுக்கு இந்த ஊர் தெரியாது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதன் பழைய தெருப் பெயர்கள் எனக்கு அன்னியமில்லை. அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்தார்கள். பிற்காலத்தில் 1955 முதல் 1975 வரை தென் வியட்நாமின் தலைநகர் அதுவே. ஊரின் பெரிய தெரு, ஆற்றங்கரையில் தொடங்கி மாதா கோயில் வரை போகும் கத்தினா தெரு. கத்தினா பழைய பிரெஞ்சுத் தளபதி. அவர் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று வியட்நாம் கரையைத் தாக்க வந்தது. அந்தக் கப்பலின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள். 1955-இல் அது 'சுதந்திரம்' தெரு ஆனது. 1975-இல் 'எழுச்சி' என்று பொருள்படும் தோங் கோய் ஆனது. மறு ஆண்டு ஊரே ஹோ சி மின் நகரம் ஆகிவிட்டது. நம் மாவட்டம் 1985-இல் காமராஜர் மாவட்டமாகப் பிறந்து 1997-இல் விருதுநகர் மாவட்டம் ஆனதே, அதுபோல. ஒரு பெயர் மாறினால் எத்தனை ரப்பர் ஸ்டாம்பு மாற வேண்டும் என்பது குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்!

மாதா கோயிலை 1877 முதல் 1880 வரை கட்டினார்கள். செங்கல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. எதிரே 1891-இல் முடிந்த பெரிய தபால் நிலையம். ஈஃபிள் கட்டியது என்று பலரும் சொல்வார்கள். வரைந்தவர் ஃபூலு என்ற கட்டடக்கலைஞர்.

நம்மவர் தெரு ஓயியே தெரு. இங்கேதான் நகரத்தார் கிட்டங்கிகளும், அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும். மேகோங் ஆற்றுப் படுகையின் நெல் விவசாயத்துக்கு அவர்கள் கடன் கொடுத்தார்கள். 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக நிலங்கள் கை மாறின. அந்த மக்களின் கோபம் நம் செட்டியார்கள் மேல் திரும்பியது. கோயில் கட்டியதைப் பெருமையாகச் சொல்லும் நாம் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு கூட்டம் எங்கள் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். துறந்தவர் என்று பொருள். புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். சைகோனில் வரி வசூல், போலீஸ், சுங்கம், குமாஸ்தா வேலை எல்லாவற்றிலும் இருந்தார்கள். வெள்ளைக்காரருக்குச் சமமான சம்பளமும் ஓட்டும் வேண்டும் என்று வாதாடினார்கள். அங்குள்ள பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கசந்தது. வியட்நாம் மக்களுக்கோ இவர்களும் ஆள வந்தவர்கள்தான். இரண்டு பக்கமும் ஒட்டாத வாழ்க்கை. கத்தினா தெருவுக்குப் பக்கத்தில் 1935-இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. ஜவுளி வியாபாரத்தில் அவர்களுக்கு நல்ல பெயர்.

சிவகாசிக்காரர்களுக்காக ஒரு இடைச்செருகல். 'தேத்' என்னும் புத்தாண்டில் அந்த ஊரில் சரவெடி வெடிக்காத வீடு இருக்காது. 1995 ஜனவரி 1 முதல் அரசு பட்டாசுக்குத் தடை போட்டுவிட்டது. நல்லவேளை, நம் சரக்கு அந்தச் சந்தையை நம்பி இல்லை.

1975-க்குப் பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். ஆனால் சந்தைக்குப் பக்கத்தில், இன்று சூங் தின் தெரு எனப்படும் இடத்தில், மாரியம்மன் கோயில் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். ஊதுவத்தியும் பூவும் கொண்டு வருகிறார்கள். கருங்கல் சுவரில் முகத்தைச் சேர்த்து, தங்கள் பாஷையில் அம்மனிடம் குறையைச் சொல்கிறார்கள். நம் விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கும் பெண்களிடம் இதைச் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. "அம்மாவுக்கு எந்த பாஷை தெரியாது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.