வன்னி மனையும் தட்டுமுட்டும்

இரணைமடுக் குளம் 1902 இல் தொடங்கப்பெற்று 1920 இல் நிறைவெய்தியது. அதன் நீரை நம்பி 1950களில் வட்டக்கச்சியிற் குடியேறினோருட் பலர் யாழ்ப்பாணத்தவர். காடு வெட்டி வயல் திருத்தியபோது அவர்கள் ஒதுங்கிய குடில், வன்னியில் தொன்றுதொட்டு வழங்கிவந்த மனையின் வடிவமே.

காட்டுத்தடிகளை நாட்டி, வரிச்சுக் கட்டி, களிமண் அப்பிய சுவர். மேலே பனையோலை, கிடுகு, வைக்கோல் இவற்றுள் கிடைத்ததொன்று. வாயிலிற் குனிந்தன்றி உட்புக இயலாது. பணிவைக் கற்பிக்கவே அவ்வாறு அமைத்தனர் என்பாரும் உளர். எமக்கு அது பொருந்தித் தோன்றவில்லை. வாடைக்காற்றோடு சாய்ந்து பெய்யும் மாரி மண்சுவரைக் கரைத்துவிடும். அதனைத் தடுக்கவே கூரையைத் தாழ இறக்கினர்.

உள்ளே கட்டிலைக் காண்பது அரிது. பகலிற் சுருட்டிவைத்த பாய் இரவில் விரியும். சுவரிற் சுளகு, மூலையிற் கடகம், முற்றத்தில் உரலும் உலக்கையும். தயிர்ச்சட்டி எறும்புக்கும் பூனைக்கும் எட்டாதவாறு உறியிலே தொங்கும். 1660 இற் சிறைப்பட்டு, 1679 இல் வன்னிக்காட்டு வழியே அரிப்புக்குத் தப்பிவந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டி நாட்டு வீடுகளிலும் பானைகள் பிரம்பு உறிகளில் தொங்கியதைத் தம் நூலில் எழுதியுள்ளார். ஓடு வேயவும் சுண்ணாம்பு பூசவும் அங்கே குடிகளுக்கு உரிமை இல்லையாம்!

தூர தேசமாகிய அயர்லாந்திலும் பழைய நாட்டுப்புற வீடு வைக்கோற் கூரையுடையதே. இரவிலே நெருப்பைச் சாம்பலாற் பொதிந்து, விடியலில் ஊதி எழுப்பினர் அந்நாட்டுப் பெண்கள். தீப்பெட்டி அருகியிருந்த நாளில் நம் அடுக்களையிலும் இதுவே வழக்கம்.

மனையினும் மேலாகப் பேணப்பட்டது கொம்பறை. தடிகளாற் பின்னி, மண்ணும் சாணமும் மெழுகி, கரையான் ஏறாதவாறு நிலத்தினின்று உயர்த்தி, தனிக்கூரையிட்ட நெற்களஞ்சியம் அது. விதைநெல் அதனுள்ளே இருந்தமையால், வீடு ஒழுகினாலும் கொம்பறை ஒழுகவிடார். ஒருவருடைய செல்வத்தை அளக்க வீட்டைப் பாராமல் கொம்பறையையே பார்த்தனர்.

பின்னர்க் கல்வீடுகள் எழுந்தன, நெல் சாக்கிற் கட்டப்பட்டு ஆலைக்குச் சென்றது, கொம்பறை மறைந்தது. 2008 இன் இறுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் போர் நெருங்கவே, கூரைத்தகரத்தையும் கதவையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றோர் பலர். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் பாரமென்று விட்டுச் சென்றனர். மீள்குடியேறியபோது, பற்றை மூடிய வளவில் தம் அடுக்களை இருந்த இடத்தைச் சிலர் அக்கற்களைக் கொண்டே அறிந்தனர்.