நினைவக அட்டையும் கெடாத் தோட்டத்துக் கைப்பேசியும்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் கெடா மாநிலத்தில், கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், கோல கெட்டில், பாலிங் ஆகிய வட்டாரங்களின் தமிழ்ப்பள்ளிகளும் ஏனைய பள்ளிகளைப் போலவே கதவடைத்தன. வகுப்பறை கைப்பேசிக்குள் புகுந்தது. அந்நாளில் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வொன்றில், மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் இணையவழிக் கல்விக்குரிய கருவி ஏதும் இல்லை என்பது வெளிப்பட்டது. கருவி இருந்த வீடுகளிலும் பெரும்பாலும் இருந்தது கைப்பேசியே. அதுவும் தந்தையுடையதாகவோ தாயுடையதாகவோ இருந்தது.

ஒரு கைப்பேசியில் இரண்டு மூன்று பிள்ளைகளின் பாடங்கள் வந்து குவிந்தன. வாட்சாப் வழியே ஆசிரியர் விடுத்த ஒலிப்பதிவுகள், காணொளிகள், பயிற்றித்தாள்கள். பிள்ளைகள் எழுதிப் படம் பிடித்து அனுப்பிய விடைகள். கூகல் கிளாஸ்ரூம், சூம் முதலிய செயலிகள். ஜூன் மாதத்தில் அமைச்சு தொடங்கிய டெலிமா கல்வித் தளம். விலை மலிந்த பழைய கைப்பேசிகளின் உள் நினைவகம் 8 கிகாபைட்டோ 16 கிகாபைட்டோதான். அதிலும் பெரும்பகுதியை இயங்குதளமே பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் முதல் நாள்தோறும் 1 கிகாபைட் இணையம் இலவசமாகக் கிடைத்தது. ஆனால், வந்ததை வைப்பதற்கு இடம் கிடைக்கவில்லை. சேமிப்பிடம் போதவில்லை என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றிய பின் அடுத்த பாடம் இறங்காது.

அவ்வேளையில் கைப்பேசிக் கடைகளிலும் உறவினரிடையேயும் வழங்கிய அறிவுரை ஒன்றுண்டு: மெமரி கார்டு வாங்கிப் போட்டுச் செயலிகளை அதற்கு மாற்றிவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்பதே அது. இவ்வறிவுரை பாதி உண்மை. மறுபாதி ஏன் உண்மையாகவில்லை என்பதை அறிய அவ்வட்டையின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிக் காணுதல் வேண்டும்.

மின்சாரம் நின்ற பின்னும் எழுதியதை மறவாத பிளாஷ் நினைவகத்தை 1980-களில் வகுத்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் பூஜியோ மசுவோகா ஆவார். 1999-இல் மட்சுஷித்தா, சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி எஸ்டி அட்டையை உருவாக்கின. அதன் சிறு வடிவமாகிய மைக்ரோ எஸ்டி 2005-இல் தரம் வகுக்கப்பெற்றது. 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிப்புமே கொண்ட அவ்வட்டை பாட்டும் படமும் வைப்பதற்கென அமைந்தது. செயலிகள் குடியிருப்பதற்கென அமைந்ததன்று. படமொன்றைப் பதிவதற்கு நீண்ட தொடர் எழுத்து போதும். செயலியோ ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் சிறிது படிக்கும், சிறிது எழுதும். பின்னாளில் எழுந்த இடர்ப்பாடுகள் பலவற்றுக்கு இவ்வேறுபாடே வேர்.

2008-இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டுக் கைப்பேசியாகிய எச்டிசி டிரீமின் உள் நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. செயலிகளை அட்டைக்கு மாற்ற அதன் இயங்குதளத்தில் வழியே இல்லை. வல்லுநர் அல்லாத ஆர்வலர் சிலர் தாமே வழி கண்டனர். அட்டையை இரு கூறாகப் பிரித்து, ஒரு கூற்றில் செயலியை வைத்து, உள்ளிருந்து அதற்கு ஓர் இணைப்பு மட்டும் கொடுத்தனர். கைப்பேசியின் காப்புறுதியை இழக்கவும் துணிந்தவர்க்கே உரிய வேலை அது. இவர்கள் காட்டிய தேவையை இரண்டாண்டுகளுக்குள் கூகல் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. 2010 மே மாதம் அறிவிக்கப்பெற்ற ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பில் செயலியை அட்டைக்கு மாற்றும் வசதி முறையாக இடம்பெற்றது.

ஆனால், மாறியது என்ன? செயலியின் உடற்பகுதி மட்டும் மறையாக்கம் பெற்ற பெட்டகமாக அட்டைக்குச் சென்றது. பயனர் தரவும் தரவுத்தளமும் இயக்கத்திற்கெனச் செப்பனிட்ட நிரலும் உள்ளேயே தங்கின. தோட்டம் துண்டாடப்பட்டபோது ஒரு குடும்பம் லயத்து வீட்டைவிட்டுப் பட்டணத்து மலிவுவிலை வீட்டுக்குப் போய்விட்டது. பெயர்ப்பதிவும் சம்பளக் கணக்கும் மட்டும் கிராணியாரின் பேரேட்டிலேயே கிடந்தன என்றால் எப்படியோ, அப்படி. வீடு மாறிவிட்டதென மகிழலாம். எதற்கெடுத்தாலும் பழைய ஆபீசுக்குத்தான் நடக்க வேண்டும். செயலியைப் பயன்படுத்தப் பயன்படுத்த அதன் தரவு வளர்ந்துகொண்டே போக, விடுவிக்கப்பட்ட இடம் சில வாரங்களில் மீண்டும் நிரம்பியது. அன்றியும், செயலியை எழுதியவர் இசைவு தந்தாலன்றி அது இடம்பெயராது. இசைவு தராதவர் பலர்.

இடம்பெயரக் கூடாதவை எனக் கூகலே சில வகைகளைச் சுட்டியிருந்தது. அட்டையைக் கழற்றினால் அதிலிருந்து இயங்கும் செயலி அக்கணமே நின்றுவிடும். ஆதலின் நாழிகை அறிவிக்கும் செயலிகளும் முகப்பில் ஒட்டும் சிறு பலகைகளும் எழுத்து உள்ளிடும் விசைமுகங்களும் உள்ளேயே இருத்தல் வேண்டும் என்பது அதன் அறிவுறுத்தல். தமிழாசிரியர் இதனைக் கூர்ந்து நோக்குதல் தகும். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கி 2005-இல் வெளியிட்ட செல்லினம், கைப்பேசியில் தமிழ் எழுத வழிவகுத்த முன்னோடி; பின்னர் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. அத்தகைய விசைமுகம் உள்ளிடத்தை விட்டு நகர்தற்குரியதன்று. விளையாட்டு அட்டைக்குப் போகலாம், தமிழ் எழுத்து போகலாகாது! இடம் வேண்டி எதை நீக்குவது என்று தடுமாறிய வீட்டில், பிள்ளை தமிழில் விடை எழுதத் தேவைப்பட்ட விசைமுகமும் நீக்கத்தக்கவற்றின் பட்டியலில் வந்து நின்றது.

2013-இன் ஆண்ட்ராய்டு 4.4, அட்டையில் செயலிகள் எழுதும் உரிமையைக் குறுக்கியது. 2015-இன் ஆண்ட்ராய்டு 6.0 எதிர்த்திசையில் சென்றது. அட்டையைக் கைப்பேசி தன் உடைமையாகவே ஏற்று, மறையாக்கம் செய்து, உள் நினைவகத்தின் நீட்சியாக்கிக்கொள்ளும் முறை அதில் புகுந்தது. தரவும் உடன்சென்றமையின் பழைய குறை தீர்ந்தது. எனினும், சாம்சங் உள்ளிட்ட உற்பத்தியாளர் பலர் இவ்வசதியைத் தம் கருவிகளில் வழங்கவில்லை. வேகம் குறைந்த அட்டை கைப்பேசியையே தளரச் செய்யும் என்னும் அச்சமும் இருந்தது. அவ்வச்சம் பொய்யன்று. 2016-இல் எஸ்டி சங்கம் செயலிகளுக்கென ஏ1 என்னும் தரத்தை வகுத்து, நொடிக்கு 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வல்ல அட்டைக்கே அதனை அளித்தது. கடைப்பலகையில் தொங்கும் அட்டைகளை வாங்குவோர் கிகாபைட் எண்ணிக்கையைப் பார்ப்பர். இச்சிறு குறியைப் பார்ப்போர் அரியர். போதாக்குறைக்கு, மேலுறையில் அச்சிட்ட கொள்ளளவு உள்ளே இல்லாத போலி அட்டைகளும் உலகச் சந்தையில் மலிந்திருந்தன. அவற்றில் உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பின் எழுதப்படுவன யாவும் பாழே.

இந்நினைவகத் தொழில் கெடாத் தமிழருக்கு முற்றிலும் அயலானதும் அன்று. பினாங்கில் 1970-களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்த காலந்தொட்டுத் தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி வேலைக்குச் சென்றனர். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த கூலிமில் 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பெற்றது. எல்லைக்கு அப்பால் பத்து காவானில், ஒருகாலத்தில் தமிழர் கரும்பு வெட்டிய மண்ணில், சான்டிஸ்க் நிறுவனம் நினைவகப் பொருள்களுக்கான ஆலையை நிறுவியது. அத்தகைய ஆலைகளில் பணிபுரிவோரின் வீடுகளிலேயே நினைவகம் போதாமற் போனது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கூட்டுக் குடும்பத்துக் கைப்பேசிக்கு மற்றோர் இடரும் இருந்தது. ஒரே அட்டையைத் தந்தையின் கைப்பேசியிலிருந்து கழற்றி அக்காளின் கைப்பேசியில் செருகுவது வழக்கம். பழைய முறையில் மாற்றிய செயலிகள் தந்தையின் கருவியில் அப்பொழுதே மறையும். புதிய முறையில் ஏற்கப்பட்ட அட்டையையோ வேறு கருவி படிக்கவே இயலாது. படிக்க முடியாத அட்டையைத் திரை காட்டும் வழியே மீண்டும் சீரமைக்க ஒப்பினால், அதிலிருந்த பாடப் படங்கள் யாவும் அழியும். செயலியை மாற்றுவதைவிட, வாட்சாப்பில் வந்து உள் நினைவகத்தில் குவிந்த காணொளிகளையும் படங்களையும் அட்டைக்கு நகர்த்துவதே பயன்மிகு வழியாக இருந்தது. அட்டை பிறந்ததும் அதற்காகத்தானே! ஆனால் அதைச் சொல்லிக் கொடுப்பார் அருகில் இருந்திலர். ஆசிரியரும் அதே கைப்பேசித் திரைக்கு அப்பால்தான் இருந்தார்.

2020 நவம்பரில் அறிவிக்கப்பெற்ற வரவுசெலவுத் திட்டத்தில், செர்டிக் நிதியின்வழி 500 பள்ளிகளின் 150,000 மாணவர்க்குக் கருவி வழங்கும் திட்டம் இடம்பெற்றது. பட்டியலில் இடம்பெறாத பள்ளிகளின் பிள்ளைகள் பழைய கைப்பேசியோடே காலத்தை ஓட்டினர். அதன்பின் விலை உயர்ந்த கைப்பேசிகள் பலவற்றில் அட்டைக்குரிய குழியே இல்லாது போயிற்று. மலிவான கைப்பேசிகளில் அது எஞ்சி நின்றது. அவற்றிலும் பலவற்றில் நினைவக அட்டைக்கும் இரண்டாவது சிம் அட்டைக்கும் குழி ஒன்றே. ஒரு நிறுவனத்தின் அலைவரிசை வீட்டருகிலும் மற்றொன்றின் அலைவரிசை ரப்பர்க் காட்டிலும் கிடைக்கும் தோட்டத்தில், அக்குழியில் எதைச் செருகுவது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.