வகை பிரித்த வரலாறு: அகநானூறு முதல் ஜாவாஸ்கிரிப்ட் வரை



பழைய மாணவர் சந்திப்புக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு மாணவன் அந்தப் பட்டியலை மடிக்கணினியில் ஏற்றி ஒரே ஒரு வரி எழுதினான். கலைந்து கிடந்த பெயர்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்த ஆண்டு வாரியாகத் தனித்தனிக் கட்டாக வந்து நின்றன. "ஜாவாஸ்கிரிப்ட்ல இது புதுசு சார், குரூப்பைன்னு பேரு" என்றான். கடைசியில் ஒரு கட்டு மட்டும் விநோதமான தலைப்போடு நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இது புதுசுதானா என்று யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், வாத்தியார் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினி தெரியாத உறவுகளுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ராஜபாளையத்து நூற்பாலைகளில் 40-ஆம் நம்பர் நூல் ஒரு பக்கம், 60-ஆம் நம்பர் நூல் ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பார்கள் இல்லையா? கோன் ஒவ்வொன்றுக்கும் எடை, தேதி, நம்பர் என்று பல விவரங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஒத்துப்போகிறவற்றை ஒன்றாகச் சேர்க்கிறோம். அந்த ஒன்றைக் கணினிக்காரர்கள் 'கீ' என்கிறார்கள். நான் 'பிரிக்கும் அடையாளம்' என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வேலையை நம்மவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். அகநானூற்றின் 400 பாடல்களுக்கும் பிரிக்கும் அடையாளம் திணை. தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஒற்றைப்படை எண்ணில் வருவதெல்லாம் பாலை. 2, 8 என முடிந்தால் குறிஞ்சி, 4 என முடிந்தால் முல்லை, 6 என முடிந்தால் மருதம், 10, 20 என வந்தால் நெய்தல். பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் 40, 40, 40. பாட்டைப் படிக்கவே வேண்டாம். 346-ஆம் பாட்டு என்றதும் மருதம் என்று சொல்லிவிடலாம். ஐங்குறுநூற்றிலோ 500 பாட்டும் திணைக்கு நூறாகத் தனித்தனிக் கட்டு. நூறுக்கு ஒரு புலவர். குறிஞ்சி நூறு கபிலருடையது, நெய்தல் நூறு அம்மூவனாருடையது.

தேவாரத்தை இரண்டு விதமாக அடுக்குவார்கள். பண் வாரியாக அடுக்கினால் பண்முறை. கோயில் வாரியாக அடுக்கினால் தலமுறை. பதிகங்கள் அதேதான், அடையாளம்தான் வேறு. பாட வேண்டிய ஓதுவாருக்குப் பண்முறை உதவும்; ஊர் ஊராகத் தரிசிக்கப் போகிறவருக்குத் தலமுறை உதவும்.

அடையாளத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஸ்ரீவில்லிபுத்தூரைவிட நல்ல உதாரணம் இல்லை. நாதமுனிகள் தொகுத்த நாலாயிரத்தைப் பாடியவர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரியாழ்வார் 473 பாசுரம். ஆண்டாள் திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. ஆக, இந்த ஓர் ஊர்க்காரர்கள் இருவர் பாடியது மட்டும் 646. இப்போது அதே நாலாயிரத்தைப் பாடப்பட்ட ஊர் வாரியாக, அதாவது திவ்யதேசக் கணக்கில் பிரியுங்கள். திருவரங்கத்துக்கு 247 பாசுரம். வில்லிபுத்தூருக்கு? பெரியாழ்வார் ஒன்று, ஆண்டாள் ஒன்று, மொத்தம் இரண்டே இரண்டு! ஒரு கணக்கில் 646, இன்னொரு கணக்கில் 2. இரண்டும் சரிதான். ஆனால் இரண்டாவது கணக்கை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு, நாலாயிரத்தில் இந்த ஊரின் பங்கு எவ்வளவு என்று தெரியவே வழியில்லை.

இனி கணினிக்கு வருவோம். 1974-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல் என்ற மொழியை வெளியிட்டார்கள். இன்றைய எஸ்கியூஎல் அதன் வழி வந்ததுதான். 'குரூப் பை' என்ற சொல் தரவுத்தளங்களில் நிலைத்தது இந்த மொழியால்தான். ஜாவாஸ்கிரிப்டோ 1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி. அதில் வகை பிரிக்கத் தனிக் கட்டளை இல்லை. வேண்டியவர்கள் சுற்று போட்டுத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 2009-இல் தரநிலையில் 'ரெட்யூஸ்' வந்தது. அதை வைத்து வளைத்து எழுதினார்கள். அண்டர்ஸ்கோர், லோடாஷ் போன்ற இரவல் நூலகங்கள் 'குரூப்பை' என்று ஆயத்தமாகவே கொடுத்தன.

மொழிக்குள்ளேயே இதைச் சேர்க்க முயன்றபோது பெயரில் சிக்கல் வந்தது. சுகர் என்ற பழைய நூலகம், எல்லாப் பட்டியல்களின் மேலும் இதே பெயரில் தன் சொந்தக் கட்டளையை ஒட்டி வைத்திருந்தது. ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருந்தால் ஒட்டாமல் விலகிக்கொள்வது அதன் வழக்கம். மொழியே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டால் சுகர் விலகிவிடும். அதை நம்பியிருந்த தளங்கள் உடையும். அப்படிச் சுமார் 660 தளங்கள் இருப்பதாகக் கண்டார்கள். 'குரூப்' என்று சுருக்கிப் பார்த்தார்கள். அதுவும் வேறு இடத்தில் மோதியது. கடைசியில் பட்டியலின் மேல் வைக்காமல் 'ஆப்ஜெக்ட்.குரூப்பை', 'மேப்.குரூப்பை' என்று தள்ளி வைத்தார்கள். 2023-இல் உலாவிகளில் வந்து, 2024 தரநிலையில் இடம்பெற்றது. யாரோ என்றோ கட்டிவிட்டுப் போன வீடுகள் இடியக் கூடாது என்பதற்காகப் புதிய தெருவையே தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கட்டளையின் குணம் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, ஒரு பொருளை ஒரே கட்டில்தான் போடும். ஒரே பாசுரத்தில் இரண்டு மூன்று திவ்யதேசம் வந்தால் எந்த ஊர்க் கட்டில் வைப்பது? அதற்கு இது போதாது; நாம்தான் வேறு வழி எழுத வேண்டும். இரண்டாவது, அடையாளமே இல்லாத பொருளையும் இது தூக்கி எறியாது. 'அன்டிஃபைன்ட்', அதாவது 'வரையறுக்கப்படாதது' என்று தலைப்பிட்டு ஒரு கட்டாக வைத்துவிடும்.

நம் பட்டியலின் கடைசியில் நின்றது அந்தக் கட்டுதான். "அது டேட்டா சரியில்லாதது சார், விட்டிரலாம்" என்றான். "இரு தம்பி, பேரை வாசி" என்றேன். வாசித்தான். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். பத்தாம் வகுப்போடு நூற்பாலைக்குப் போனவர்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறிக்கு உட்கார்ந்தவன். பதினொன்றாம் வகுப்பில் கல்யாணம் ஆகிப் போன பெண். பிளஸ் டூ முடித்த ஆண்டு என்ற கட்டம் அவர்களுக்குக் காலியாகத்தானே இருக்கும்? இத்தனை வருஷமாக நாம் சந்திப்புக்கு அழைத்ததெல்லாம் முடித்தவர்களை மட்டும்தான். அந்தப் பழைய பட்டியல்களைப் போட்டவன் நான். கணினி அவர்களை ஓரமாகவாவது வைத்திருந்தது. நான் அதுகூடச் செய்யவில்லை.

"முடித்த ஆண்டை எடுத்துவிட்டுப் பள்ளியில் சேர்ந்த ஆண்டைப் போடு" என்றேன். போட்டான். அந்த அடையாளம் எல்லோரிடமும் இருந்தது. அன்டிஃபைன்ட் கட்டு காணாமல் போனது. பெயர்கள் அவரவர் தோழர்களோடு போய்ச் சேர்ந்தன. அவனும் கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்களோடு ஆறாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, இடையில் நின்றுபோனவர்கள் யார் யார் என்று யோசியுங்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, சம்மதம் கேட்டு, பெயரையும் சேர்ந்த ஆண்டையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். இந்த முறை அழைப்பு அவர்களுக்கும் போக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்